மல்லையில் இரண்டு இரவு

யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்கள் பட்டியலில் வியன்னாவின் பழைய நகரம் 2001-இல் சேர்ந்தது. பிராக் 1992-இல், புடாபெஸ்ட் 1987-இல். மல்லை என்கிற மாமல்லபுரம் 1984-லேயே சேர்ந்துவிட்டது.

வியன்னாவுக்கோ பிராகுக்கோ போகிற நம்மூர்க் குடும்பம் எப்படித் திட்டம் போடுகிறது என்று பாருங்கள். ஆளுக்கு 90 யூரோ கட்டி ஷெங்கன் விசா வாங்குகிறார்கள். எந்த அருங்காட்சியகம் எந்தக் கிழமை விடுமுறை, எந்தப் பாலத்தில் மாலை வெயில் அழகாக விழும், பழைய நகரத்துக்குள் தங்கலாமா, வெளியே தங்கினால் மலிவா என்றெல்லாம் மூன்று மாதம் முன்பே பேசி முடிவெடுக்கிறார்கள். அதே குடும்பம் மாமல்லபுரத்துக்குப் போவது புதுச்சேரிக்குப் போகிற வழியில். நண்பகல் 12 மணிக்கு வேன் நிற்கும். கடற்கரைக் கோயில் முன்னால் ஒரு படம், வெண்ணெய் உருண்டைப் பாறையைக் கையால் தாங்குவதுபோல் ஒரு படம், ஒரு இளநீர். இரண்டரை மணி நேரத்தில் கிளம்பியாகிவிடும். பிறகு, ‘பார்க்க அங்கே பெரிதாக ஒன்றுமில்லை, வெயில்தான் ஜாஸ்தி’ என்று ஒரு தீர்ப்பு.

வெயிலைப் பற்றிய பாதி சரி. மற்ற பாதி திட்டக் கோளாறு. ஐரோப்பியப் பழைய தலைநகரம் ஒன்றுக்கு எப்படி இரண்டு இரவு ஒதுக்குகிறோமோ, அப்படியே மல்லைக்கும் ஒதுக்கினால் என்ன கிடைக்கும், எப்படி ஒதுக்குவது என்பதுதான் இங்கே சொல்ல வருவது.

முதலில் ஒரு திருத்தம். மாமல்லபுரம் தலைநகரம் இல்லை. பல்லவர் தலைநகரம் காஞ்சிபுரம். இது அவர்களுடைய துறைமுகம். ஆனால், தலைநகரத்தில் மன்னர்கள் செய்து பார்க்காத சோதனைகளையெல்லாம் இந்தத் துறைமுகத்துப் பாறைகளில் செய்து பார்த்தார்கள். பாறையைக் குடைந்து மண்டபம் செய்தார்கள்; அவை குடைவரைகள். முழுப் பாறையையும் மேலிருந்து கீழாகச் செதுக்கிக் கோயில் வடிவம் எடுத்தார்கள். அவை ஒற்றைக்கல் ரதங்கள். கடைசியில், வெட்டியெடுத்த கற்களை அடுக்கிக் கட்டினார்கள். அதுதான் கடற்கரைக் கோயில். 7-ஆம் நூற்றாண்டில் மாமல்லன் என்ற பட்டப்பெயர் கொண்ட முதலாம் நரசிம்மவர்மன் காலத்திலிருந்து 8-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ராஜசிம்மன் காலம் வரை, தென்னிந்தியக் கோயில் கட்டடக்கலை பாறையைவிட்டு வெளியே வந்து தானாக நிற்கக் கற்றுக்கொண்ட கதை முழுவதும் நடந்தே பார்த்துவிடக்கூடிய தூரத்துக்குள் இருக்கிறது. வியன்னாவில்கூட டிராம் ஏற வேண்டும்.

எப்போது போவது? மாதத்தை முதலில் முடிவு செய்யுங்கள், விடுதியை அப்புறம் பார்க்கலாம். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். அக்டோபர், நவம்பர் வடகிழக்குப் பருவமழைக் காலம். மழை டிசம்பரிலும் நீளலாம். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் கரையைக் கடந்தது இந்த ஊரை ஒட்டித்தான். சித்திரை, வைகாசியில், குறிப்பாகக் கத்திரி வெயிலில், காலை 10 மணிக்கு மேல் ஊரின் கருங்கல் குன்றில் வெறுங்காலோடு நிற்க முடியாது. டிசம்பர் பிற்பகுதியிலிருந்து ஜனவரி வரை சுற்றுலாத் துறை நடத்தும் இந்திய நாட்டிய விழா இருக்கும். மாலைகளுக்கு அது ஒரு துணை. காணும் பொங்கலன்று மட்டும் போகாதீர்கள். அன்று மல்லையில் தலைகள்தான் தெரியும், சிற்பம் தெரியாது.

கூட்டம் இருந்தாலும் பரவாயில்லை என்று போக வேண்டிய ஒரு நாள் உண்டு. அது மாசி மகம். ஊர்க் கோயிலின் தலசயனப் பெருமாள் கடலில் தீர்த்தவாரி காணும் நாள் அது. அதற்கு முந்தைய இரவே பல மாவட்டங்களிலிருந்து இருளர் குடும்பங்கள் இந்தக் கடற்கரைக்கு வந்து சேர்ந்துவிடும். புடவைகளைக் கட்டி மணலில் சின்னச் சின்னக் குடில்கள் போட்டுக்கொண்டு முழுநிலவு இரவு முழுவதும் அங்கேயே தங்குவார்கள். விடியலில் மணலைப் படிபோல் குவித்துக் கன்னியம்மனை வழிபடுவார்கள். பெண் பார்ப்பது, நிச்சயம் செய்வது, தாலி கட்டுவது, குழந்தைக்கு மொட்டையடிப்பது எல்லாமே அந்த மணலில்தான் நடக்கும். சுற்றுலாக்காரருக்காக நடத்தப்படும் நிகழ்ச்சி இல்லை. எனவே கேமராவை யார் முகத்திலும் நீட்டாமல், தள்ளி நின்று பாருங்கள். மாசி மகம் ஆண்டுதோறும் பிப்ரவரியிலோ மார்ச்சிலோ வரும். அந்த இரவுக்கு அறை வேண்டுமென்றால் பஞ்சாங்கம் பார்த்து முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கிழமை விஷயத்தில் என் யோசனை கொஞ்சம் வேடிக்கையாகத் தோன்றலாம். ஞாயிற்றுக்கிழமை மாலை, எல்லோரும் சென்னைக்குத் திரும்பும் நேரத்தில், நீங்கள் ஊருக்குள் வாருங்கள். திங்களும் செவ்வாயும் இருங்கள். அறை வாடகை குறையும், ஊர் மூச்சு விடும். இதில் ஒரு சிக்கல் உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில், அதாவது எல்லோரும் ஈ.சி.ஆர். என்று சொல்லும் சாலையில், வழியிலுள்ள இரண்டு முக்கிய இடங்களில் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குத் திங்கள் விடுமுறை; முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய் விடுமுறை. ஆகவே இரண்டையும் ஞாயிறு வரும் வழியிலேயே பார்த்துவிடுங்கள். தட்சிணசித்ரா 1996-இல் திறக்கப்பட்டது. செட்டிநாட்டு வீடு, கேரளத்து மர வீடு என்று பழைய வீடுகளைப் பிரித்துக்கொண்டு வந்து மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். நிழல் இருப்பதால் நண்பகலுக்கு ஏற்ற இடம். முதலைப் பண்ணை 1976-இல் ராமுலஸ் விட்டேக்கர் தொடங்கியது. குழந்தைகள் இருந்தால் தவறவிடாதீர்கள். இல்லையென்றால் தட்சிணசித்ராவிலேயே கூடுதலாக ஒரு மணி நேரம் இருக்கலாம்.

அதே சாலையில், ஊருக்குள் நுழைவதற்கு ஏறக்குறைய 5 கிலோமீட்டர் முன்னால் சாளுவன்குப்பம். மாலை நாலரை மணிக்கு அங்கே இறங்குவதுபோல் நேரத்தை அமைத்துக்கொள்ளுங்கள். அங்கே இருப்பதற்குப் புலிக்குகை என்று பெயர். ஆனால் குகையும் இல்லை, புலியும் இல்லை. ஒரு பெரிய பாறையில் சிறிய மேடை, அதைச் சுற்றி வளைவாக யாளித் தலைகள். சவுக்குத் தோப்பும் கடல் காற்றும் இருப்பதால் உட்கார்ந்து களைப்பாறலாம். பக்கத்திலேயே இன்னொன்று இருக்கிறது, பலர் கண்ணில் படாதது. 2004 டிசம்பர் சுனாமி மணலை அரித்துச் சென்றதில் ஒரு பாறைக் கல்வெட்டு வெளியே தெரிந்தது. அதைப் படித்துவிட்டுத் தொல்லியல் துறை 2005-இல் தோண்டியபோது ஒரு முருகன் கோயில் கிடைத்தது. மேலே பல்லவர் காலத்துக் கல் வேலை, அடியில் அதற்கும் முந்தைய செங்கல் கட்டுமானம், முன்னால் ஒரு கல் வேல். அளவில் சிறியது, பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். பார்க்காமல் போனால் நஷ்டம்.

இப்போது வந்து சேரும் வழி. சென்னைக்காரர்களுக்கு ஈ.சி.ஆர். தெரியும், ஊர் 55 முதல் 60 கிலோமீட்டர். சென்னை–புதுச்சேரி இடையே ஓடும் பல பேருந்துகள் ஊருக்குள் வராமல் புறவழிச் சாலையில் பூஞ்சேரி அருகே இறக்கிவிட்டுப் போய்விடும் என்பதை மட்டும் ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அங்கிருந்து ஆட்டோதான். மதுரை, திருச்சி, விழுப்புரம் பக்கமிருந்து வருவோர் பலர் சென்னை வரை போய்த் திரும்பி வருகிறார்கள். வீண் அலைச்சல். செங்கல்பட்டில் நிற்கும் ரயிலாகப் பார்த்து ஏறி அங்கே இறங்குங்கள். பேருந்து நிலையத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். தாம்பரத்திலிருந்தும் நேரடி மாநகரப் பேருந்து உண்டு.

தங்குவது ஊருக்குள். இதில் நான் பிடிவாதமாக இருப்பேன். ஈ.சி.ஆர். ஓரத்து ரிசார்ட்டுகளில் நீச்சல் குளமும் தனிக் கடற்கரையும் இருக்கும். ஆனால், காலை ஆறு மணிக்கு எழுந்து நடந்துபோய் அர்ச்சுனன் தபசுச் சிற்பத்தின் முன் நிற்க முடியாது. ஒத்தவாடைத் தெரு, அதன் குறுக்குத் தெருக்களில் எல்லா விலையிலும் அறைகள் கிடைக்கும். மீனவர் குடியிருப்பை ஒட்டியவை, எளிமையானவை. வடக்கே சற்றுத் தள்ளித் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் விடுதியும் இருக்கிறது. வாடகைச் சைக்கிள் கிடைக்கும். சமதரையான ஊருக்கு அது போதும்.

இனி திங்கட்கிழமை. இந்த ஊரை வெயிலின் திசைப்படி பார்க்க வேண்டும். அர்ச்சுனன் தபசு கிழக்கு நோக்கியது. காலை வெயில் நேராக அதன்மேல் விழும். ஐந்து ரதங்களில் நான்கு மேற்கு நோக்கியவை. கடற்கரைக் கோயிலுக்கு நாம் போவதும் மேற்கிலிருந்துதான். ஆக, காலையில் குன்று, பிற்பகலில் ரதங்கள், மாலையில் கடற்கரைக் கோயில். குடைவரை, ஒற்றைக்கல், கட்டுமானம் என்று மேலே சொன்ன வளர்ச்சியும் ஏறத்தாழ இதே வரிசைதான். வழிகாட்டிகள் பலர் இதைத் தலைகீழாகச் செய்வதற்குக் காரணம் வண்டி நிறுத்துமிடம்.

தொல்லியல் துறையின் நேரம் காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரை. இந்தியருக்கு நுழைவுச்சீட்டு 40 ரூபாய். 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. அன்று எடுத்த ஒரே சீட்டு ஐந்து ரதம், கடற்கரைக் கோயில் எல்லாவற்றுக்கும் செல்லும், தொலைத்துவிடாதீர்கள். வழிகாட்டி வேண்டுமென்றால் சுற்றுலாத் துறை அடையாள அட்டை உள்ளவராகப் பார்த்து, தொகையை முதலிலேயே பேசிவிடுங்கள்.

அர்ச்சுனன் தபசை ஆறரை மணிக்குப் பாருங்கள். ஏறக்குறைய 29 மீட்டர் நீளமும் 13 மீட்டர் உயரமும் கொண்ட பாறை முகம். அர்ச்சுனன் பாசுபதம் வேண்டித் தவமிருக்கிறானா, பகீரதன் கங்கையைக் கொண்டுவரத் தவமிருக்கிறானா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. நடுவிலுள்ள பிளவில் நாகர்கள் நீந்துவதையும், பாறை உச்சியில் நீர் தேக்கிவைக்க இடம் இருப்பதையும் பார்த்தால் ஒரு காலத்தில் அந்தப் பிளவு வழியே தண்ணீர் விட்டிருப்பார்கள் என்று தோன்றும். எந்தக் கட்சியில் சேர்வது என்பது உங்கள் விருப்பம். அதைவிட முக்கியம், இங்கே அவசரப்படாமல் இருப்பது. ஒற்றைக்காலில் நிற்கும் முனிவரைப் பார்த்துவிட்டுக் கீழே வலப்பக்கம் பெரிய யானையின் காலடிக்கு வாருங்கள். ஒரு பூனையும் அதே நிலையில் கைகளைத் தூக்கித் தவம் செய்கிறது. சுற்றிலும் எலிகள் அதை நம்பி நிற்கின்றன. யானைக்குக் கீழே குட்டிகள் இருக்கின்றன. ஒரு மான் பின்னங்காலால் மூக்கைச் சொறிந்துகொள்கிறது. மன்னன் பெயருக்கு நடந்த வேலைக்குள் சிற்பி தன் சிரிப்பையும் சேர்த்துச் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறான்.

சில அடி தெற்கே கிருஷ்ண மண்டபம். முன்னாலுள்ள தூண் மண்டபம் பிற்காலத்தது. உள்ளே இருக்கும் கோவர்த்தன மலைக் காட்சிதான் பல்லவர் வேலை. மலையைத் தூக்கி நிற்கும் கண்ணனை எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் பால் கறப்பவரைப் பாருங்கள். அவர் கறக்க, பசு திரும்பித் தன் கன்றை நக்கிக்கொடுக்கிறது.

வயதானவர்கள் உடன் வந்திருந்தால் இந்த இரண்டையும் படியேறாமல் சாலையோரத்திலேயே பார்த்துவிடலாம்; பிற்பகல் ரதங்களும் மாலைக் கோயிலும் சமதரைதான். குன்றின் மேல் போகிறவர்கள் ஒரு லிட்டர் தண்ணீர், வழுக்காத செருப்பு, தொப்பி கொண்டுபோங்கள்.

குன்றில் வடக்கே தொடங்குங்கள். வெண்ணெய் உருண்டைப் பாறை ஏறக்குறைய 250 டன் எடை என்பார்கள். 1908-இல் சென்னை ஆளுநர் ஆர்தர் லாலி ஏழு யானைகளைக் கட்டி இழுத்தும் அசையவில்லை என்று ஒரு கதையும் சொல்வார்கள். படம் எடுத்துக்கொண்டு நகருங்கள். நேரத்தைக் கொடுக்க வேண்டியவை மற்றவை. ஒரே கல்லில் செதுக்கிய கணேச ரதம். வராக மண்டபத்தில் எதிரெதிர்ச் சுவர்களில் பூமியைத் தூக்கும் வராகமும் உலகளந்த திரிவிக்கிரமனும். தொடங்கி அடிப்பகுதியோடு நின்றுபோன ராயர் கோபுரம், இது விஜயநகர காலத்தது. தெற்கு முனையில் மகிஷமர்த்தினி குகை. என்னைக் கேட்டால், மாமல்லபுரத்தில் ஒன்றை மட்டும் பார்க்கலாம் என்று சட்டம் போட்டால் இதைத்தான் சொல்வேன். ஒரு சுவரில் சிங்கத்தின் மேலிருந்து துர்க்கை அம்பு தொடுக்க, எருமைத்தலை அசுரன் பின்வாங்கிச் சாய்கிறான். முழுச் சுவரும் ஓட்டமும் ஆவேசமுமாக இருக்கிறது. நேர் எதிர்ச் சுவரில் திருமால் பாம்பணையில் அசையாமல் துயில்கிறார். போரையும் தூக்கத்தையும் ஒரே சிறிய மண்டபத்தில் முகத்துக்கு முகம் வைத்தவனின் துணிச்சல் எந்த நாட்டுக் கலைக்கூடத்திலும் எளிதில் கிடைக்காது. குகைக்கு நேர் மேலே ஒலக்கண்ணேசுவரர் கோயில். ஒரு காலத்தில் அதன் உச்சியில் விளக்கேற்றிக் கப்பல்களுக்கு வழி காட்டினார்கள். அருகில் இருப்பது ஆங்கிலேயர் காலத்துக் கலங்கரை விளக்கம்.

முடியாமல் விட்ட வேலைகளையும் பார்க்காமல் போகாதீர்கள். சில குடைவரைகளில் பாறை முகத்தைச் சதுரம் சதுரமாகப் பள்ளம் வெட்டிப் பிரித்திருப்பது தெரியும். பள்ளத்துக்கு நடுவில் புடைத்திருக்கும் சதுரத்தை உடைத்து எடுப்பார்கள். மறுபடி சதுரம் கீறுவார்கள். இப்படி விரல்கடை விரல்கடையாகத்தான் குன்றுக்குள் போனார்கள். ஊருக்கு மேற்கே, பக்கிங்காம் கால்வாய்ப் பக்கமுள்ள பிடாரி ரதங்களும் வலையன்குட்டை ரதமும் மேல்பாதி முடிந்து கீழ்பாதி பாறையாகவே நிற்பவை. மேலிருந்து கீழாக வேலை நடந்தது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. சைக்கிளில் பத்து நிமிடம், கூட்டமே இருக்காது.

பத்தரை மணிக்குள் கீழே வந்துவிடுங்கள். குளித்து, சாப்பிட்டு, மூன்று மணி வரை படுங்கள். ஐரோப்பாவில் நடந்துகொண்டே இருக்கலாம். நம் வெயிலில் மதியத் தூக்கமும் பயணத் திட்டத்தில் ஒரு பகுதிதான். மீன் சாப்பிடுவோர் ஒத்தவாடைப் பக்கத்துக் கடைகளில் காட்டப்படும் மீனுக்கு விலை எடைக்கா, தட்டுக்கா என்று கேட்டுக்கொண்டு உட்காருங்கள். சாப்பிட்ட பிறகு கேட்பதில் பயனில்லை.

ஐந்து ரதங்கள் ஊரின் தெற்கு எல்லையில். பாண்டவர் பெயர்கள் பிற்காலத்தில் மக்கள் வைத்தவை. பாண்டவருக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை. திரௌபதி ரதம் என்று சொல்லப்படுவது துர்க்கைக்கானது. ஓலைக் குடிசையின் கூரையை அப்படியே கல்லில் வடித்திருக்கிறார்கள். பீம ரதம் வண்டிக்கூண்டுபோல் நீண்ட கூரை. நகுல–சகதேவ ரதத்தின் பின்புறம் வளைந்திருக்கும். இதைக் கஜப்பிருஷ்டம் என்பார்கள், யானையின் முதுகு வடிவம். பக்கத்திலேயே ஒரு முழு யானையையும் செதுக்கி வைத்திருக்கிறார்கள். இரண்டையும் ஒரே பார்வையில் பின்னாலிருந்து பார்த்தால் விளக்கமே வேண்டாம். தர்மராஜ ரதத்தில் அடித்தளம் இன்னும் முழுமையடையவில்லை. மேல் தளங்களோ கல்வெட்டும் சிற்பமுமாக முடிந்திருக்கின்றன. மரத்திலும் ஓலையிலும் செங்கல்லிலும் அன்று நாட்டில் நின்ற கட்டடங்கள் என்னென்ன வடிவில் இருந்தன என்பதற்கு இந்த ஐந்தும்தான் இன்று நமக்குச் சான்று. அந்தக் கட்டடங்கள் ஒன்றுகூட முழுதாக மிச்சமில்லை.

நாலரை மணிக்குக் கடற்கரைக் கோயில். ராஜசிம்மன் எழுப்பிய இரண்டு சிவன் கோயில்கள்: பெரியது கடலை நோக்கியும் சிறியது ஊரை நோக்கியும் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே, இருட்டான சிறு அறையில், அவற்றுக்கு முன்பே பாறையில் செதுக்கப்பட்ட திருமால் படுத்திருக்கிறார். பாம்பணை இல்லை, வெறும் தரை. பெரும்பாலானோர் இவரைப் பார்க்காமலே வெளியே வந்துவிடுகிறார்கள். வடபுறம் 1990-இல் மணலுக்கடியிலிருந்து கிடைத்த வட்டக் கிணறு போன்ற தொட்டியும், அதற்குள் குட்டிக் கோயிலும் வராகமும் உள்ளன. ஐரோப்பிய மாலுமிகள் இந்த ஊரை ‘ஏழு கோபுரங்கள்’ என்று குறித்தார்கள்; ஆறு கடலுக்குள் போய்விட்டன என்பது ஊர்க்கதை. 2002-இல் முக்குளிப்போர் கரைக்கு அப்பால் கட்டுமானச் சிதைவுகளைக் கண்டார்கள். ஆறு கோயில்கள் மூழ்கின என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. கதை முழுக்கக் கற்பனை என்றும் இனிச் சொல்ல முடியாது.

கடலில் இறங்காதீர்கள். அலை இழுப்பு கடுமையான கரை இது. எச்சரிக்கைப் பலகை சும்மா வைத்ததில்லை. கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆறு மணிக்குக் கதவு சாத்தியதும் பேருந்து நிலையத்தருகே தலசயனப் பெருமாள் கோயில். 108 திவ்ய தேசங்களில் இது 63-ஆவது. பூதத்தாழ்வார் பிறந்த ஊர் இது. திருமங்கையாழ்வார் பாடிய கடல்மல்லை இதுதான். இங்கும் பெருமாள் தரையில் படுத்திருக்கிறார். கடற்கரையில் மாலையில் பார்த்தவரையும் இவரையும் ஒரே நாளில் பார்ப்பதில் ஓர் அர்த்தம் இருக்கிறது. அங்கே தொல்லியல் துறையின் காவல். இங்கே மணியோசையும் துளசியும். பிறகு சிற்பக் கடைத் தெருக்கள். அரசு சிற்பக் கல்லூரி 1957 முதல் இங்கே இருக்கிறது. கன்னியாகுமரி வள்ளுவர் சிலையை வடித்த கணபதி ஸ்தபதி அதற்குத் தலைமை தாங்கியவர். மாமல்லபுரம் கற்சிற்பங்களுக்கு 2017-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. உளிச் சத்தத்தோடு இப்போது கிரைண்டர் சத்தமும் கலந்துவிட்டது. சின்னப் பிள்ளையார் வாங்கினால் கருங்கல்லா, மாக்கல்லா என்று கேளுங்கள். மாக்கல் மெத்தென்று இருக்கும், நகத்தால் கீறினாலே கோடு விழும். அதற்குக் கருங்கல் விலை கொடுக்காதீர்கள்.

செவ்வாய்க்கிழமையை ஐரோப்பாவுக்கு ஒதுக்கலாம், விசா இல்லாமல். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கம் அணுமின் நிலைய வளாகத்தை ஒட்டி, சதுரங்கப்பட்டினம். சதுரை என்றும் சொல்வார்கள். பழைய வரைபடங்களில் சத்ராஸ். 1602-இல் தொடங்கிய ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே கிடங்கு போட்டு, இந்தப் பக்கத்துத் தறிகளில் நெய்த மெல்லிய துணியை வாங்கிக் கப்பலேற்றியது. கடலைப் பார்த்தபடி அவர்கள் எழுப்பிய செங்கற் கோட்டை இடிபாடாக நிற்கிறது: மதில், கிடங்குகள், உள்ளே ஒரு சிறிய கல்லறைத் தோட்டம். கல்லறைப் பலகைகளில் ஒல்லாந்து மொழி எழுத்துகளும் குலச் சின்னங்களும் நுணுக்கமாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. தோட்டம் பூட்டியிருந்தால் காவலரிடம் கேளுங்கள். 1781-இல் ஆங்கிலேயர் கோட்டையைப் பிடித்தார்கள். அடுத்த ஆண்டு பிப்ரவரி 17 அன்று இதற்கு நேரே கடலில் ஆங்கிலேயக் கப்பற்படையும் சுஃப்ரான் தலைமையிலான பிரெஞ்சுக் கப்பற்படையும் மோதின. 1818-இல் ஒல்லாந்தருக்குத் திரும்பக் கிடைத்தது. 1825-இல் மறுபடி ஆங்கிலேயர் கைக்கே வந்தது. ஆம்ஸ்டர்டாமின் கால்வாய் வளையம் 2010-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தபோது உலகம் முழுவதும் அதன் வணிகர் மாளிகைகளைப் பற்றிப் பேசினார்கள். அந்த வணிகத்தின் இன்னொரு முனை இந்தச் செங்கற்கள். ஆம்ஸ்டர்டாம் போய்வந்தவர்கள் இங்கே ஒருமுறை வர வேண்டும். நுழைவுக் கட்டணம்கூட இல்லை.

பொழுதிருந்தால், சொந்த வண்டியும் இருந்தால், இன்னும் தெற்கே கடப்பாக்கம் அருகே ஆலம்பரைக் கோட்டை. 1750-இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய், 1760-இல் ஆங்கிலேயரால் இடிக்கப்பட்டது. கழிமுகம் அழகு, கோட்டை மிச்சம் குறைவு. பேருந்தில் போகிறவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அவர்கள் கல்பாக்கத்திலிருந்து திருக்கழுக்குன்றத்துக்கு ஏறட்டும். செங்கல்பட்டு போகும் வண்டி அந்த வழியாகத்தான் போகும். கோயில்கள் நண்பகலில் மூடியிருக்கும். ஊரில் சாப்பிட்டு, மாலையில் பக்தவத்சலேசுவரரைப் பார்த்துவிட்டு, வெயில் தாழ்ந்ததும் வேதகிரீசுவரர் மலையேறுங்கள். ஐநூறுக்கும் மேற்பட்ட படிகள். உச்சிவேளையில் வந்து உணவு உண்ட கழுகுகளால்தான் இந்த ஊர் பேர்பெற்றது. உண்மையில் அவை மஞ்சள்முகப் பாறு என்ற பிணந்தின்னிக் கழுகு இனம், இப்போது வருவதில்லை. மலைச்சரிவில் ஒருகல் மண்டபம் என்ற பல்லவர் குடைவரை இருக்கிறது. அதன் தூண்களிலும் சுவர்களிலும் 17-ஆம் நூற்றாண்டில் சதுரங்கப்பட்டினத்திலிருந்து சுற்றிப்பார்க்க வந்த ஒல்லாந்தர் தங்கள் பெயர்களைச் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். பழைய சின்னங்களில் பெயர் கீறுவது நம்மவர் வழக்கம் மட்டும்தான் என்று நினைப்பவர்கள் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். நீங்கள் கீறாதீர்கள்.

அங்கிருந்து செங்கல்பட்டு 14 கிலோமீட்டர் அளவில்தான். வழியில் வல்லத்திலும் பல்லவர் குடைவரைகள் உண்டு. பகல் மிச்சமிருந்தால் மட்டும் இறங்குங்கள். செங்கல்பட்டுக் கோட்டையைத் தேடி அலைய வேண்டாம். 1752-இல் கிளைவ் பிடித்த கோட்டை அது; ரயில் பாதை அதன் ஊடாகவே போகிறது, மிச்சம் அதிகமில்லை. கொளவாய் ஏரியை ரயில் ஜன்னலிலிருந்தே பார்க்கலாம்.

இரண்டு இரவெல்லாம் முடியாது, அரை நாள்தான் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த அரை நாள் காலையாக இருக்கட்டும். விடியலில் வந்து சேருங்கள். அர்ச்சுனன் தபசு, கிருஷ்ண மண்டபம், குன்றின் மேல் மகிஷமர்த்தினி குகை, இவை மூன்றையும் நிதானமாகப் பாருங்கள். கடற்கரைக் கோயிலை இன்னொரு பயணத்துக்கு விட்டுவிடுங்கள்.